உங்களுக்குத் தெரியுமா? பாதாளத் தவளையின் பூர்வீகம்

திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டில் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே பணியாற்றிய எஸ்.டி. பிஜு, பெல்ஜிய ஆய்வாளர் ஃப்ராங்கி பொசூயிட்டுடன் சேர்ந்து 2003-ல் ஒரு தவளையை உலகுக்கு அறிவித்தார். பெயர் நாசிகாபட்ராக்கஸ் சஹ்யாட்ரென்சிஸ். பிடித்தது இடுக்கி மாவட்டத்தில்.

ஆளைப் பார்த்தால் அழகு என்று சொல்ல மாட்டீர்கள். ஊதா நிறம், ஊதிப்போன உடம்பு, கொசுறாக ஒட்டிய சின்னத் தலை, வெளுத்த கூர்மூக்கு. நீளம் சுமார் 7 செ.மீ. மண்ணுக்கடியில் கரையான் தின்றே வாழ்கிறது. கோடை மழை இறங்கும்போது சில நாள் மட்டும் இணை சேர வெளியே வரும். ஓணத்துக்கு வருவதாக நம்பப்படும் மாவேலி (மகாபலி) மன்னரைப் போல ஆண்டுக்கொரு முறை வந்துபோவதால் மலையாளிகள் இதற்கு மாவேலித் தவளை என்று பெயர் வைத்துவிட்டார்கள், ஓணத்துக்குச் சில மாதம் முந்தியே வந்தாலும்! தலைப்பிரட்டைகள் உறிஞ்சும் வாயால் பாறையைப் பற்றிக்கொண்டு காட்டாற்று வெள்ளத்திலும் நகராமல் நிற்கும். அந்தத் தலைப்பிரட்டையை 1918-லேயே விவரித்திருந்தார்கள். வளர்ந்த தவளைக்கு அறிவியல் பெயர் கிடைக்க மேலும் 85 ஆண்டுகள் ஆயின.

வியப்பு மரபணுவில்தான். இதன் பேரினத்துக்கு வெளியே நெருங்கிய உறவினர் இந்தியாவில் யாருமில்லை. அரபிக்கடல் தாண்டி, செஷல்ஸ் தீவுகளில் இருக்கும் குட்டித் தவளைகள்தான் பங்காளிகள். இரு கிளைகளும் சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர் காலத்திலேயே பிரிந்தன என்று 2003 ஆய்வு கணக்கிட்டது. உப்புநீர் பொதுவாகத் தவளைக்கு ஆகாது. ஆக, இவை கடலை நீந்திக் கடக்கவில்லை; பழைய பெருங்கண்டமான கோண்டுவானா உடைந்து, இந்தியாவும் செஷல்ஸும் பிரிந்தபோது ஆளுக்கொரு துண்டில் தங்கிவிட்டன.