வழித்துணை

மிதிவண்டியில் நெடுந்தொலைவு செல்வோர்க்கு வழியில் இடையூறு நேர்தல் இயல்பே. முள் தைத்தால் டியூபில் துளை விழும். சுமை மிகுந்தால் பின்சக்கரத்தின் கம்பிகள் முறியும். சங்கிலி அறுதலும் உண்டு. ஆதலின் ஸ்பானர், டயர் நெம்பி, ஒட்டுத்துண்டு, பசை, உப்புத்தாள், காற்றடிக்கும் பம்பு ஆகியவற்றை உடன் கொண்டு செல்லுதல் வேண்டும்.

கருவிகள் மட்டும் போதுமோ? போதா. காற்றடித்த டியூபை நீரில் அமிழ்த்தினால் குமிழி எழும் இடமே துளை. அவ்விடத்தை ஈரம் போகத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பசை பூசி, சற்று உலர்ந்த பின்னரே ஒட்டுதல் வேண்டும். டயரில் தங்கிய முள்ளை அகற்ற மறந்தால், ஒட்டியதும் வீணாகும்.

1913ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் மிதிவண்டிப் பந்தயத்தில், தூர்மலே மலையினின்று இறங்கிய யூஜின் கிறிஸ்தோஃப் என்பாரது வண்டியின் முன்கவை முறிந்தது. பிறர் உதவியைப் பெறுதல் ஆகாது என்பது பந்தய விதி. அவர் வண்டியைச் சுமந்து 10 கிலோமீட்டருக்கு மேல் நடந்தார். சிற்றூர் ஒன்றின் கொல்லுலையில், தாமே இரும்பைக் காய்ச்சி அடித்துக் கவையைச் செப்பனிட்டார். சிறுவன் ஒருவன் துருத்தி ஊதியதும் குற்றமெனக் கருதப்பட்டு, அவர்க்குத் தண்டனை விதிக்கப்பட்டது. வெற்றி கைநழுவிய பின்னும் அவர் தளர்ந்திலர். பந்தயத்தை ஏழாமவராக முடித்தார்.

அன்று அவருக்குத் துணைநின்றது பையிலிருந்த கருவியன்று; கைப்பழக்கமே. எனவே, பயணம் புறப்படுமுன் வீட்டு முற்றத்திலேயே டயரைக் கழற்றி மாட்டிப் பழகுவீராக. பழகிய கையே வழியில் உதவும்.