மண் வேண்டாத மலர்ச்செடி

வங்காளத்து மாமரங்களில் ஒட்டி வளரும் ஓர் ஆர்க்கிட் வகைக்கு 'வாண்டா' என்று பெயர். கொல்கத்தாவில் 1784-இல் ஆசியச் சங்கத்தை நிறுவிய வில்லியம் ஜோன்ஸ் வடமொழியிலிருந்து எடுத்தளித்த பெயர் அது. அம்மொழியில் புல்லுருவியையும் அச்சொல் குறிக்கும். வீண் பழி! இச்செடி மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. தங்க இடம் மட்டுமே கேட்கிறது.

நாமோ அதனை மண்தொட்டியில் நட்டுக் கொன்றுவிடுகிறோம். வேரைப் போர்த்திய வெண்ணிறப் பஞ்சுறை, நீர் பட்டதும் உறிஞ்சிப் பசுமையாகும். பின்னர்க் காற்றில் உலர்ந்தாக வேண்டும். மண்ணுள் புதைந்தால் அழுகும். ஆகவே மரச்சட்டக் கூடையில் கரித்துண்டும் செங்கற்சில்லும் இட்டு, காலை வெயில் படும் தாழ்வாரத்தில் தொங்கவிடுவோம். வேர் மீண்டும் வெளுத்த பின்னரே நீர் தெளிப்போம். ஆனி முதல் ஆவணி வரை கொல்கத்தாவில் பெரும்பாலும் சாரலே போதும்.