ஓடாத ரயரும் பழுதடைவது ஏன்?

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் உழவு இயந்திரம் இல்லாத கிராமத்தைக் காண்பது அரிது. வயலை உழுவதும், நெல் மூடைகளை ஏற்றுவதும், வற்றாப்பளைப் பொங்கலுக்குப் பெட்டி நிறைய ஆட்களைக் கொண்டுபோவதும் அதுவே. எனினும் அது ஆண்டு முழுவதும் ஓடுவதில்லை. மானாவாரி நிலங்களில் காலபோகம் மட்டுமே செய்யப்படுகின்றது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம் போன்ற குளங்களின் கீழும் சிறுபோகம் நீரின் அளவைப் பொறுத்ததே. எனவே பல உழவு இயந்திரங்கள் கோடை மாதங்களில் முற்றத்து வெயிலில் சும்மா நிற்கின்றன.

வீதியில் நாள்தோறும் ஓடும் பேருந்தின் ரயர் பெரும்பாலும் தேய்ந்து பழுதடைகின்றது. வயலில் சில மாதங்களே ஓடும் ரயரோ தேய்வதற்கு முன்னரே முதுமையடைந்து வெடிப்புக் காண்கின்றது. ஆகவே "கட்டை தேயவில்லை, ரயர் நல்லது" என்று கூறுவது சரியான முடிவன்று. இதற்கான காரணத்தை விஞ்ஞான பாடத்தில் பல்பகுதியங்கள் பற்றி நீங்கள் கற்றவற்றைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

1. இறப்பரின் அமைப்பு

இறப்பர் மரத்தின் பாலிலிருந்து பெறப்படும் இயற்கை இறப்பர் ஓர் இயற்கைப் பல்பகுதியமாகும். இதன் ஒருபகுதியம் ஐசோப்பிரீன் ஆகும். இறப்பரின் நீண்ட சங்கிலியில் காபன் – காபன் இரட்டைப் பிணைப்புகள் பல உள்ளன. தூய இறப்பர் வெப்பத்தில் ஒட்டும் தன்மையையும் குளிரில் விறைப்பையும் அடையும்.

1839 இல் அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர், இறப்பருடன் கந்தகத்தைச் சேர்த்து வெப்பமேற்றினால் இக்குறை நீங்குவதைக் கண்டறிந்தார். இதுவே வல்கனைசுப்படுத்தல் எனப்படும். இங்கு கந்தக அணுக்கள் சங்கிலிகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகளை உருவாக்குகின்றன. இதனால் இறப்பர் உறுதியும் மீள்தன்மையும் பெறுகின்றது.

கவனிக்க: வல்கனைசுப்படுத்தலின் பின்னரும் சங்கிலியில் ஏராளமான இரட்டைப் பிணைப்புகள் எஞ்சியிருக்கும். ரயரின் முதுமை இவ்விடங்களிலேயே தொடங்குகின்றது.

2. ரயரை முதுமையடையச் செய்யும் காரணிகள்

(அ) ஓசோன்: வளிமண்டலத்தின் உயர் படையில் உள்ள ஓசோன் நம்மைக் காக்கின்றது. ஆனால் நிலமட்டத்தில் மிகச் சிறிதளவில் உள்ள ஓசோன், இறப்பரின் இரட்டைப் பிணைப்புகளைத் தாக்கிச் சங்கிலியை அறுக்கின்றது. இறப்பர் இழுவைக்கு உட்பட்டிருக்கும் இடத்திலேயே இத்தாக்கம் வெடிப்பாக வெளிப்படும். வெடிப்புகள் இழுவைத் திசைக்குச் செங்குத்தாகத் தோன்றும். காற்றுக் குறைந்த ரயர் பாரத்தைத் தாங்கி ஒரே இடத்தில் நிற்கும்போது அதன் பக்கச்சுவர் மடிந்து இழுபடுகின்றது. அங்கே வெடிப்பு விரைவாகத் தோன்றுவது இதனாலேயே.

(ஆ) ஒட்சிசனும் வெப்பமும்: ஒட்சிசன் மெல்ல மெல்ல இறப்பருடன் தாக்கமுறுகின்றது. ரயரில் புதிய குறுக்குப் பிணைப்புகள் தோன்றுவதால் அது நெகிழ்ச்சியை இழந்து வன்மையடைகின்றது. வெப்பநிலை ஏறத்தாழ 10 பாகை செல்சியசால் உயரும்போது இத்தாக்கத்தின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது பொதுவான கணிப்பு. கச்சான் காற்று வீசும் கோடையில் கருநிற ரயர் வெயிலை உறிஞ்சிச் சூழலைவிட அதிகம் சூடாகும் என்பதை இங்கு நினைவிற் கொள்க.

(இ) கழியூதாக் கதிர்கள்: சூரிய ஒளியிலுள்ள இக்கதிர்கள் மேற்பரப்பைச் சிதைக்கின்றன. ரயரில் சேர்க்கப்படும் காபன் கரி இவற்றைப் பெருமளவு உறிஞ்சிப் பாதுகாப்பதுடன் இறப்பருக்கு உறுதியையும் அளிக்கின்றது. ரயர் கருமையாக இருப்பதும் இதனாலேயே.

(ஈ) எண்ணெய் வகைகள்: டீசல், மண்ணெண்ணெய், எஞ்சின் எண்ணெய் என்பன இயற்கை இறப்பரை ஊதச்செய்து பலவீனமாக்கும். ரயர் பளபளப்பதற்காகப் பழைய எண்ணெய் பூசுவது தவறாகும்.

3. நிற்கும் ரயருக்கு ஏன் கூடுதல் ஆபத்து?

உற்பத்தியின்போது ரயரில் ஒரு வகை மெழுகும் ஓசோன் எதிரிகளும் சேர்க்கப்படுகின்றன. ரயர் உருண்டு வளைந்து நிமிரும்போது இவை உள்ளிருந்து மேற்பரப்புக்கு வந்து மெல்லிய காப்புப் படையாகப் படிகின்றன. ரயர் அசையாது நின்றால் இப்படை புதுப்பிக்கப்படுவது குறையும். அதாவது, ஓட்டம் ரயரைத் தேய்க்கின்ற போதிலும் அதன் காப்பையும் புதுப்பிக்கின்றது.

வன்னி மக்களுக்கு இது வெறும் பாட விடயம் அன்று. 2009 மே மாதத்தில் போர் முடிவடைந்தபோது முள்ளிவாய்க்கால், புதுக்குடியிருப்புப் பகுதிகளில் உழவு இயந்திரங்கள் உட்படப் பெருந்தொகையான வாகனங்கள் கைவிடப்பட்டுக் கிடந்தன. அவை வெயிலிலும் மழையிலும் உப்புக் காற்றிலும் நீண்ட காலம் நின்றன. இவ்வாறு நின்ற ஓர் இயந்திரத்தில் துருவைச் சுரண்டலாம். எஞ்சினைக் கழற்றிப் பூட்டலாம். ஆனால் அறுந்துபோன இறப்பர்ச் சங்கிலியை எந்தத் திருத்தகமும் மீண்டும் இணைக்க முடியாது. முதுமை மீளாத மாற்றம் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

4. ரயரை எப்போது மாற்றவேண்டும்?

• தலைமுடி போன்ற மெல்லிய வெடிப்புகள் மேற்பரப்பில் மட்டும் இருப்பின், அடிக்கடி அவதானித்து வயல் வேலைக்குப் பயன்படுத்தலாம்.
• வெடிப்பு ஆழமாகி உள்ளே நூற்படை தெரிந்தால் ரயரை மாற்றவேண்டும். அவ்வழியே நீர் புகுந்து நூற்படை பலவீனமடையும்.
• கட்டைகளின் அடியில் சுற்றிவரக் காணப்படும் வெடிப்பும் ஆபத்தானது. பாரம் இழுக்கும்போது கட்டை பிய்ந்து போகலாம்.
• பக்கச்சுவரில் வீக்கம் இருப்பின் உள்ளே நூற்படை அறுந்துள்ளது என்பது பொருள். அந்த ரயரை உடனே கழற்ற வேண்டும்.
• ஒரே அச்சில் உள்ள இரு ரயர்களும் ஒரே அளவினவாகவும் ஏறத்தாழ ஒரே தேய்வுடையனவாகவும் இருத்தல் வேண்டும்.

வயலில் மெதுவாக ஓடும்போது தாக்குப்பிடிக்கும் பழைய ரயர், ஏ-9 வீதியில் பாரமேற்றிய பெட்டியுடன் வேகமாக ஓடும்போது சூடேறித் திடீரென வெடிக்கலாம். பெட்டியில் இருப்பது நெல்லாயின் நட்டம் பணத்தோடு போகும். ஆட்களாயின் உயிரும் போகக்கூடும்.

5. ரயரின் வயதை அறிதல்

பெரும்பாலான ரயர்களின் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் இரண்டும் வாரத்தையும் அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கும். உதாரணமாக, 2319 எனின் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது எனக் கொள்க. 2000 ஆம் ஆண்டுக்கு முன்னர் மூன்று இலக்கங்களே பொறிக்கப்பட்டன. பாவித்த ரயர் வாங்குவோர் கட்டையின் உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறாமல் இவ்விலக்கங்களையும் பார்க்க வேண்டும். ரீபில்ட் செய்வதற்கும் உட்புற உடல் உறுதியாக இருக்க வேண்டும். முதுமையடைந்த உடலின்மேல் புதிய இறப்பரை ஒட்டுவதாற் பயனில்லை.

13.6-28 என்பது வயதன்று, அளவாகும். ரயரின் அகலம் 13.6 அங்குலம், அது பொருந்தும் றிம்மின் விட்டம் 28 அங்குலம் என்பதே இதன் கருத்து.

6. பாதுகாக்கும் முறைகள்

1. கோடையில் இயந்திரத்தை நிழலில் நிறுத்துதல். இயலாவிடின் ரயர்களைச் சாக்கினால் மூடுதல்.
2. நீண்ட நாள் நிறுத்தும்போது அச்சுக்குக் கட்டை கொடுத்து உயர்த்திப் பாரத்தைக் குறைத்தல்.
3. உரிய காற்றமுக்கத்தைப் பேணுதல்.
4. சேறு, பசளை, எண்ணெய் என்பவற்றைச் சவர்க்கார நீரால் கழுவுதல்.
5. மின் ஒட்டுவேலை நடைபெறும் இடத்துக்கு அருகில் நிறுத்தாமை. மின்வில் ஓசோனை உருவாக்கும்.

கழற்றிய ரயரை எரித்தால் நச்சுப்புகை உண்டாகும். வெளியில் எறிந்தால் மாரி மழைநீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும். எனவே நீர் தேங்காதவாறு துளையிட்டோ கூரையின் கீழோ வைத்தல் வேண்டும்.

செய்து பார்க்க

இரண்டு இறப்பர் வளையங்களை எடுக்க. ஒன்றைப் பலகையில் இழுத்து மாட்டுக. மற்றையதைத் தளர்வாக வைக்க. இரண்டையும் வெளியில் சில வாரங்கள் விட்டு நாள்தோறும் அவதானிக்க. எது முதலில் வெடிப்புக் காண்கின்றது? வெடிப்பு எத்திசையில் உள்ளது?

மாதிரி வினாக்கள்

1. வல்கனைசுப்படுத்தலின்போது நிகழும் மாற்றம் யாது?
விடை: இறப்பர்ச் சங்கிலிகளுக்கு இடையே கந்தகக் குறுக்குப் பிணைப்புகள் உருவாதல்.

2. காற்றுக் குறைந்து நிற்கும் ரயரின் பக்கச்சுவரில் வெடிப்பு விரைவில் தோன்றுவது ஏன்?
விடை: பக்கச்சுவர் மடிந்து இழுவைக்கு உட்படுவதால், ஓசோனின் தாக்கம் அவ்விடத்தில் வெடிப்பாக வெளிப்படுகின்றது.

3. கட்டை தேயாத ரயரொன்றின் பக்கச்சுவரில் 1408 எனப் பொறிக்கப்பட்டுள்ளது. பெட்டியில் ஆட்களை ஏற்றிச் செல்ல இது உகந்ததா? காரணம் தருக.
விடை: உகந்ததன்று. அது 2008 இன் 14 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. கட்டை தேயாவிடினும் இறப்பர் நெகிழ்ச்சியை இழந்திருக்கும். பாரத்துடன் வீதியில் ஓடும்போது வெடிக்கக்கூடும்.