துயரம் ஒன்றுதான், இழப்பீடு ஏன் வேறானது?

2001 செப்டம்பர் 11 தாக்குதலில் உயிரிழந்தோரின் குடும்பங்களுக்காகவும் காயமடைந்தோருக்காகவும் அமெரிக்க அரசு உருவாக்கிய நிதி, 700 கோடி டாலருக்கும் மேல் வழங்கியது. ஓர் உயிரிழப்புக்குக் கிடைத்த தொகை சராசரியாக 20 லட்சம் டாலரைத் தாண்டியது. கணவனையோ மனைவியையோ இழந்தவர்கள் திருமணச் சான்றிதழோடு விண்ணப்பித்தார்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே வீட்டில் வாழ்ந்த தன்பாலின இணையர்களிடம் அந்தக் காகிதம் இல்லை. அன்றைக்கு அமெரிக்காவின் 50 மாநிலங்களில் ஒன்றில்கூட அவர்கள் திருமணம் செய்துகொள்ள வழியில்லை.

யாருக்குப் பணம்?

தாக்குதல் நடந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், செப்டம்பர் 22 அன்று நிதிக்கான சட்டம் கையெழுத்தானது. பணம் பெறுபவர்கள் விமான நிறுவனங்கள் மீது வழக்குத் தொடரும் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. நிதியை நிர்வகிக்க வழக்கறிஞர் கென்னத் ஃபைன்பெர்க் நியமிக்கப்பட்டார்.

இறந்தவரின் சார்பில் விண்ணப்பிப்பது யார், பணத்தைப் பகிர்வது எப்படி என்பதை, அவர் குடியிருந்த மாநிலத்தின் சட்டத்திடமே விட்டன நிதியின் விதிகள். யாருக்கும் பாரபட்சம் காட்டாத ஏற்பாடுபோல இது தோன்றும். ஆனால் உயில் எழுதாமல், திருமணமாகாமல், பிள்ளையின்றி இறந்தவருக்குப் பெற்றோரோ உடன்பிறந்தோரோதான் வாரிசு என்றன பெரும்பாலான மாநிலச் சட்டங்கள். உயில் இருந்தாலும், இத்தகைய இழப்பீட்டை உயிலின்படி பகிராமல் சட்ட வாரிசுகளுக்கே கொடுக்கும் மாநிலங்கள் இருந்தன. இறந்தவரின் பெற்றோர் மனமுவந்து சம்மதித்தால் இணையருக்குப் பங்கு உண்டு. மகனின் உறவை ஏற்காத பெற்றோரிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

கணக்கிலேயே வித்தியாசம்

ஒரே வயது, ஒரே சம்பளம் உள்ள இருவர் இறந்ததாக வைத்துக்கொள்வோம். வலிக்கும் வேதனைக்கும் ஒவ்வோர் உயிரிழப்புக்கும் 2.5 லட்சம் டாலர். வாழ்க்கைத்துணைக்கும், சார்ந்து வாழ்ந்த ஒவ்வொருவருக்கும் மேலும் 1 லட்சம். மணமானவரின் கணக்கில் துணைக்கான 1 லட்சம் தானாகச் சேர்ந்தது. தன்பாலின இணையரோடு வாழ்ந்தவர் காகிதத்தில் தனியாள். இழந்த வருமானத்தைக் கணக்கிடும்போதும், தனியாள் தனக்காகவே கூடுதலாகச் செலவழிப்பார் என்ற அனுமானத்தில் அதிகம் கழிக்கப்பட்டது.

மாநிலத்துக்கு ஒரு நீதி

குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான மாநில உதவியைத் தன்பாலின இணையர்களுக்கும் வாழ்க்கைத்துணைக்கு இணையாக வழங்க, நியூயார்க் ஆளுநர் ஜார்ஜ் படாகி 2001 அக்டோபரில் உத்தரவிட்டார். அன்று தாக்கப்பட்ட பென்டகன் இருக்கும் வர்ஜீனியாவில் நிலைமை வேறு. அங்கே இறந்த ஒரு பெண்ணின் இணையர் அதேபோன்ற மாநில உதவியைக் கேட்டபோது, சட்டப்படி அவர் வாழ்க்கைத்துணை அல்ல என்று கைவிரித்தார்கள். பின்னர் ஃபைன்பெர்க் நிர்வகித்த கூட்டாட்சி நிதி அவருக்கு இழப்பீடு வழங்கியது.

கூட்டாட்சிச் சட்டத்தில் ஒரு சிறு கதவு 2002 ஜூனில் திறந்தது. நியூயார்க் தீயணைப்புத் துறையின் பாதிரியார் மைக்கேல் ஜட்ஜ், அன்றைய உயிரிழப்புகளில் முதலாவதாகப் பதிவானவர், தன்பாலீர்ப்பாளர். அவர் பெயரைத் தாங்கிய சட்டம், பணியில் இறக்கும் காவலர், தீயணைப்பு வீரர் ஆகியோருக்கான 2.5 லட்சம் டாலர் உதவித்தொகையின் விதியை மாற்றியது. துணையோ பிள்ளையோ இல்லாவிட்டால், ஆயுள் காப்பீட்டில் நாமினியாகக் குறிப்பிட்டவருக்கே பணம் போகும் என்றானது. உறவுக்குப் பெயர் சூட்டாமலே இணையருக்கு வழிவிட்டது இந்தத் திருத்தம்.

இன்று என்ன நிலை?

2015-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை நாடு முழுவதும் செல்லுபடியாக்கியது. தாக்குதலின் நச்சுத்தூசியால் நோயுற்றோருக்காக மீண்டும் திறக்கப்பட்ட நிதி 2090 வரை விண்ணப்பங்களை ஏற்கும். அதில் மணமான தன்பாலின இணையரும் வாழ்க்கைத்துணையே. முதல் நிதிக்கான விண்ணப்பக் கெடு முடிந்ததோ 2003 டிசம்பரில். மாநிலச் சட்டத்தைக் கைகாட்டாமல், யார் யாரை நம்பி வாழ்ந்தார் என்று பார்க்கும் ஒரு விதியை அந்த நிதியிலேயே எழுதியிருந்தால், நீதிமன்றத் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டிய தேவையே வந்திருக்காது.