சம்பளமும் உண்டு, ஈட்டுத் தொகையும் உண்டு!

சேலத்து நூற்பாலை இயந்திரத்துக்குத் தாட்சண்யம் ஏது? கட்டைவிரலைப் பறிகொடுத்தவள், காயம் ஆறியதும் மறுபடி வேலைக்குக் கிளம்புகிறாள். "சம்பளம் வாங்குகிறவளுக்கு உதவிப் பணம் ஏதடி?" என்று அக்கம்பக்கத்தார் பயமுறுத்துவார்கள். நம்பாதீர்கள்!

1948-ம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த இ.எஸ்.ஐ. திட்டத்தில் இரண்டு உதவிகள். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குத் தருவது, வேலைக்குத் திரும்பியதும் நின்றுவிடும். நிரந்தர ஊனத்துக்குத் தருவதோ, சம்பளம் வாங்கினாலும் ஆயுள் முழுவதும் வரும்.

கணக்கு இதோ: சராசரி தினக்கூலி 500 ரூபாயானால், முழு விகிதம் அதில் 90 சதவீதம், அதாவது 450. கட்டைவிரல் இழப்புக்கு 30 சதவீதம். ஆக, நாளொன்றுக்கு 135 ரூபாய்!

எனவே சகோதரிகளே, விபத்தை உடனே ஆலைப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள்; மருத்துவக் குழுவின் முன் தயங்காமல் செல்லுங்கள். அது தர்மப் பணமல்ல; சந்தா பிடித்த கூலிக்குரிய உரிமை அல்லவா?