பாகாலா சந்திப்பும் ரத்தப் பையும்

பாகாலா சந்திப்பை அறியாத சித்தூர்த் தமிழர் உண்டா? அங்கிருந்து திருப்பதிக்கு ஒரு பாதை, சித்தூர் வழியாகக் காட்பாடிக்கு ஒன்று, தர்மாவரத்துக்கு மற்றொன்று. நாம் தானம் தரும் ரத்தமும் அப்படித்தான் மூன்றாகப் பிரிகிறது.

திருப்பதி ஸ்விம்ஸ் போன்ற பெரிய மருத்துவமனைகளில் பையை அதிவேகமாகச் சுழற்றுகிறார்கள். கனமான சிவப்பணுக்கள் அடியில் தங்கும். வைக்கோல் நிறப் பிளாஸ்மா மேலே நிற்கும். நடுவில் மெல்லிய படலமாக வெள்ளணுக்களும் தட்டணுக்களும்.

பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்பணுக்கள் 2 முதல் 6 டிகிரிக் குளிரில் ஆறு வாரம் வரை இருக்கும். உறைய வைத்த பிளாஸ்மா ஓராண்டு தாங்கும். ரத்தக் கசிவை அடைக்கும் தட்டணுக்களுக்கோ குளிர்ப்பெட்டி ஆகாது. 20 முதல் 24 டிகிரியில், நம் பழைய மீட்டர்கேஜ் பெட்டி போல ஓயாமல் ஆடும் தட்டில் வைத்தாலும் ஐந்தே நாள்தான்!

ஒரு மழைக்காலம். டெங்குவில் கிடந்த நண்பர் மகனுக்கு நள்ளிரவில் மூக்கிலிருந்து ரத்தம். பண்டிகை வாரம், தானம் தர ஆளில்லாததால் மருத்துவமனையில் ஒரு பைகூட இருப்பில் இல்லை. விடியுமுன் சங்கத்து அன்பர்கள் நால்வர் கை நீட்டினார்கள். பரிசோதித்துப் பிரித்தெடுத்து ஏற்ற, மறுநாள் மாலையாயிற்று. அதுவரை அந்தத் தாய் பச்சைத் தண்ணீர்கூடப் பருகவில்லை. பையன் பிழைத்தான், இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறான்.

ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் ரத்தம் தரலாம். பண்டிகைக்கு ஊர் கிளம்புமுன் ஒரு நடை போய் வாருங்கள்.