கட்டடம் இருக்கிறது, கதவைத் தட்டுவது யார்?

சென்னையிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியே மேற்கே செல்வோர், மதுரவாயலைத் தாண்டியதும் வேலப்பன்சாவடியைக் காண்பர். பல் மருத்துவக் கல்லூரி, மருத்துவக் கல்லூரி, மருத்துவமனை என்று மாடிகள் உயர்ந்து நிற்கின்றன அங்கே. மகிழத்தக்க வளர்ச்சிதான், மறுப்பார் யார்? ஆனால் அந்த மாடிகளின் நிழலிலே வாழும் தாய்மார்களில் எத்தனை பேர் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான சோதனையைச் செய்துகொண்டவர்கள்? இதுவே நமது கேள்வி.

2019–21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு விடை தருகிறது. தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில், ஒரு முறையேனும் அச்சோதனை செய்துகொண்டோர் 9.8 சதவிகிதம். இந்தியா முழுமைக்கும் எடுத்தால் 1.9 சதவிகிதம். நாம் மேல் என்று மார்தட்டிக் கொள்ளலாம். ஆனால், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் விடுபட்டிருக்கிறார்களே என்று எண்ணும்போது, தட்டிய கை தானே தாழ்கிறது!

2022ஆம் ஆண்டில் உலகில் இந்நோயால் மாண்ட பெண்கள் ஏறத்தாழ 3.5 லட்சம். அவர்களில் சுமார் 80,000 பேர் இந்தியப் பெண்கள். மருந்தில்லா நோயா இது? இல்லை. புற்றாக முற்றப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் நோய். இடையிலே கண்டால் தடுத்துவிடக்கூடிய நோய்.

இதை மெய்ப்பித்துக் காட்டியது நமது திண்டுக்கல் மாவட்டம்! பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய டாக்டர் ஆர். சங்கரநாராயணனும், அம்பிளிக்கை மருத்துவர்களும், அடையாறு புற்றுநோய் நிலையத்தாரும் சேர்ந்து, 2000ஆம் ஆண்டில் அங்கே ஓர் ஆய்வைத் தொடங்கினர். பயிற்சி பெற்ற நர்சுகள் 31,343 பெண்களைச் சோதித்தனர். கருவி என்ன? காடியில் உள்ள அமிலத்தை நீர் கலந்து கருப்பைவாயில் தடவுவர். கோளாறுள்ள இடம் வெளுத்துக் காட்டும். தக்கவர்களுக்கு அந்த நர்சே, உறைய வைக்கும் கருவியால் அவ்விடத்தை அழித்துவிடுவார். அவ்வளவுதான்! 2007ஆம் ஆண்டு 'லான்செட்' இதழிலே முடிவு வெளிவந்தது: சோதனை நடந்த ஊர்களில் நோய் 25 சதவிகிதமும், சாவு 35 சதவிகிதமும் குறைந்தன.

மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் அவரும் தோழர்களும் செய்து 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வோ, எச்.பி.வி. வைரஸைக் கண்டறியும் சோதனையே மேலானது என்று காட்டியது. உலகச் சுகாதார நிறுவனமும் இன்று அதையே முதன்மையாகப் பரிந்துரைக்கிறது. முறை மாறலாம், பாடம் மாறவில்லை. நோயாளி வரட்டும் என்று காத்திருந்தவர்கள் அல்ல, ஊர் தேடிச் சென்றவர்களே உயிர் காத்தார்கள்!

வாய்ப் புற்றுக்கும் இதே கதைதான். திருவனந்தபுரம் வட்டாரத்தில் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணால் பார்த்தார்கள். புகையிலையும் மதுவும் பழகியோரிடையே வாய்ப் புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005இல் அறிவித்தார்கள். பல் மருத்துவக் கல்லூரியையே தன்னிடம் வைத்திருக்கும் வேலப்பன்சாவடிக்கு இது எட்டாத காரியமா?

"ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத்தானே சோதிக்கிறார்கள், பெண்கள் வருவதில்லையே" என்பர் சிலர். ஒரு நாள் கூலியை இழந்து, கூச்சத்தை விழுங்கி, நோயே தெரியாத உடம்போடு எவள் வருவாள்? 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்குமான மாத்திரையை வாசலுக்கே கொண்டு சென்றது. வாசலுக்குச் சென்ற அதே பெண் ஊழியர், "அக்கா, வாருங்கள், நானும் உடன் வருகிறேன்" என்று அழைத்தால் கூச்சம் கலையாதா? மாலை நேரத்திலும் ஞாயிறன்றும் சோதனை நடந்தால் கூலி மிஞ்சாதா?

கல்லூரிகள் தெருக்களைப் பங்கிட்டுக் கொள்ளட்டும். நகராட்சி, 30 வயது கடந்த பெண்களின் பட்டியலைத் தரட்டும். சோதித்தவர் எத்தனை, விடுபட்டவர் எத்தனை என்று ஆண்டுதோறும் ஊரறியச் சொல்லட்டும்.

திண்டுக்கல் கிராமத்திலே உலகம் பாடம் படித்துவிட்டது. பாடம் சொன்ன நாடே அதை மறக்கலாமா? கட்டடத்தின் உயரம் போதும். இனி கதவைத் தட்டும் கைகள் வேண்டும்!